ஒரு சுருட்டுப் பெட்டி இரும்பும் ஒரு வால்நட் கட்டையும்

சென்ற அக்டோபரில் கிழக்கு டென்னசியில், நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அங்கே ஒரு சுருட்டுப் பெட்டியை நாற்பது டாலருக்கு எடுத்தேன். உள்ளே முழுக்கத் துருப்பிடித்த இரும்பு: ஒரு பட் பிளேட், பின்பாதி ஒடிந்த ஒரு டிரிகர் கார்டு, மூன்று சின்னக் குழாய்கள், ஒரு டோ பிளேட், நாலு ஸ்க்ரூ. விற்றவர் இதெல்லாம் 1780 அக்டோபர் 7 அன்று, அமெரிக்கச் சுதந்திரப் போரில், கிங்ஸ் மவுண்டன் சண்டைக்குப் போன ஒரு துப்பாக்கியின் பாகங்கள் என்றார். அதை நான் அப்போதே நம்பவில்லை. ஆனால் பட் பிளேட்டைக் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை.

என் கொட்டகையில் ஒரு வேலை பாதியில் நின்றிருந்தது. முந்தின குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு வால்நட் பலகையில் 42 அங்குல எட்டுப் பட்டைக் குழலைப் பதித்திருந்தேன். .36 காலிபர், அதாவது குழலின் துளை 0.36 அங்குலம், அணில் வேட்டைக்குப் போதுமான அளவு. தீக்கல் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் லாக்கும் இரட்டை டிரிகரும் உட்கார்ந்துவிட்டன. உலோகச் சட்டங்கள்தான் பாக்கி. கடையில் விற்கும் வார்ப்புச் செட் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று இருந்தேன். அந்தச் சுருட்டுப் பெட்டி வந்தபிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக: இது குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. பட் பிளேட் என்பது கட்டையின் பின்முனையில், தோளில் படும் இடத்தில் இருக்கும் தகடு. அதற்குக் கீழே கட்டையின் அடிவிளிம்பில் ஓடுவது டோ பிளேட். டிரிகரைச் சுற்றி வளையம்போல் நிற்பது கார்டு. குழலுக்கு அடியில் கெட்டிக்கும் கோலைப் பிடித்துக்கொள்ளும் குழாய்களுக்குத் திம்பிள் என்று பெயர். இவை எல்லாவற்றையும் சேர்த்து மவுண்ட் என்பார்கள்.

பென்சில்வேனியாத் துப்பாக்கியையும் அப்பலாச்சிய மலைத் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படும் வித்தியாசம் இந்த மவுண்ட்தான். பென்சில்வேனியாவில் பெரும்பாலும் பித்தளை. வடக்குக் கரோலினாவிலும் சமவெளிப் பக்கம், மொரேவியர் என்னும் கிறிஸ்தவச் சபையினர் குடியிருந்த அங்குள்ள சேலம் ஊர்ப் பகுதியில், பித்தளையும் வெள்ளிப் பதிப்பும் நிறைய உண்டு. மலை ஏறி மேற்குக் கரோலினா, தென்மேற்கு வர்ஜீனியா, கிழக்கு டென்னசி என்று வரவர இரும்பு ஆட்சிக்கு வருகிறது. இரும்பு அந்த மலைகளிலேயே கிடைத்தது, சிற்றுலைகளில் உருக்கினார்கள். துப்பாக்கி செய்தவரே பெரும்பாலும் ஊர்க் கொல்லராகவும் இருந்தார். லாக்கை வெளியிலிருந்து வாங்கினாலும், கட்டைக்கு மேல் வரும் சட்டத்தையெல்லாம் அவரே தன் உலையில் அடித்துக்கொண்டார். டென்னசியின் வாஷிங்டன் கவுண்டியில் பீன் குடும்பம், வடக்குக் கரோலினாவின் மில்ஸ் ரிவர் பக்கம் கில்லஸ்பி குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் அடியோடு மறைந்துவிடாமல் பிடித்து வைத்திருந்த டென்னசிக்காரர் ஹேக்கர் மார்ட்டின். மார்ட்டினுடைய பெயரை இங்கே வேலை செய்கிறவர்கள் இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். துருவைச் சுரண்டவே கூடாது என்பது முதல் விதி. ஒரு வாரம் எண்ணெயில் ஊறவிட்டேன். அப்புறம் மூங்கில் குச்சியாலும் பழைய துணியாலும் துடைத்தேன். உலோகத் தூரிகை தொடவில்லை. பழைய துருவுக்குள்தான் தகவல் இருக்கிறது, அதைப் பளபளப்பாக்கினால் எல்லாம் போய்விடும்.

பட் பிளேட் முதலில். உயரம் நாலேகால் அங்குலம், அகலம் ஒன்றேகால். பின்பக்கம் பிறைபோல ஆழமாக வளைந்திருக்கிறது. இந்த ஒரு விஷயமே கிங்ஸ் மவுண்டன் கதையை முடித்துவிடுகிறது. 1780 வாக்கில் செய்த துப்பாக்கிகளின் பின்கட்டை அகலமாகவும் ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கும். காலம் போகப்போகத்தான் கட்டை மெலிந்து, தகடு குறுகி, வளைவு ஆழமாகிறது. இவ்வளவு குறுகலான பிறை 1820க்குப் பிந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம். விற்பவர்கள் சண்டைக் கதையைச் சேர்த்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அணிலும் மானும் சுட்டு ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட துப்பாக்கி என்பதே போதுமான பெருமை.

உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் அரம் போட்டு மழமழவென்று இருக்க, உள்பக்கம் சுத்தியல் அடித்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. மரத்தில் உட்காரும் ஓரத்தில் மட்டும் அரம் ஓடியிருக்கிறது. மேல்பக்கம், குதி (தகட்டின் மேல்முனை) திரும்பிக் கட்டையின் முதுகில் படுக்கும் இடத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் துருவுக்கு நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு. அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு மறக்காது. இது ஒரே துண்டு அல்ல. பின்தகடு ஒன்று, முதுகுத் தகடு ஒன்று, இரண்டையும் பித்தளைப் பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வார்ப்பில் அந்த மஞ்சள் கோடு இருக்காது. இன்றைக்கு விற்கும் வார்ப்பு எஃகுத் தகடுகளில் உள்பக்கம் ஒரே சீரான பொரிப்பொரியான மேற்பரப்பு இருக்கும், எங்காவது ஒரு மூலையில் வார்ப்பு வாயை அறுத்த தழும்பும் தெரியும். அடித்த தகட்டில் கனம் இடத்துக்கு இடம் மாறும். இதில் குதியில் மூன்றரை மில்லிமீட்டர், கீழ்நுனியில் இரண்டு.

துருப்பிடித்த விளிம்பில் இன்னொரு அடையாளம்: மரத்தின் ரேகைபோல நீளவாக்கில் கோடுகள். பழைய கொல்லுலை இரும்பில் கசடு நார்நாராக உள்ளேயே தங்கியிருக்கும், துரு அரிக்கும்போது அந்த நார் எழும்பி நிற்கும். 1856-ல் எஃகை மலிவாகச் செய்யும் பெசமர் முறை வந்து, பிறகு சில பத்தாண்டுகளில் மென் எஃகு எங்கும் பரவியது. அந்த எஃகு துருப்பிடித்தால் குழிகுழியாக அரிக்கும், ரேகை விழாது. இந்த ஒன்றை மட்டும் கண் பழகிவிட்டால், பழையதையும் புதியதையும் பாதிக்குப் பாதி பிரித்துவிடலாம்.

டிரிகர் கார்டிலும் அதே ரேகை, அதே பித்தளைக் கோடு, கூடவே ஒரு ரிவெட். வளையமும் அதற்கு முன்னால் கட்டையில் பதியும் முன்வாலும் ஒரே பட்டையை வளைத்துச் செய்தவை. பின்னால் விரல்கள் தாங்கிக்கொள்ளும் தண்டு தனித்துண்டு. அதைக் கூராக அரவி, வளையத்தின் பின்காலில் ரிவெட் அடித்து, பித்தளை பற்றவைத்திருக்கிறார்கள். ஒடிந்தது பற்று வைத்த இடத்தில் அல்ல, அதற்கு ஓர் அங்குலம் பின்னால். பற்று வைத்தவரின் கை அப்படி.

திம்பிள்கள் மூன்றில் இரண்டுதான் பழையவை. மூன்றாவதின் தகடு கனம் எல்லா இடத்திலும் ஒன்றே. கனம் அளக்கும் காலிப்பரில் அரைப் புள்ளி நகரவில்லை. மடிப்பில் பிளையரின் பல் பதிந்திருந்தது. யாரோ பின்னாளில் பழுதுக்காகச் செய்து போட்டது. அதையும் நான் தள்ளிவைக்கவில்லை, ஒரு துப்பாக்கி எத்தனை கை மாறி உழைத்தது என்பதற்கு அதுவும் சாட்சி.

டோ பிளேட் வேறு துப்பாக்கியினுடையது. அதன் பின்முனை அகலம் பட் பிளேட்டின் நுனி அகலத்தைவிடக் கால் அங்குலம் கூடுதல். இரண்டும் ஒரே கட்டையில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

ஸ்க்ரூக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாலில் மூன்று முனை மழுங்கியவை, தலையில் வெட்டு நடுவிலிருந்து விலகி ஓடியது, மரை கையால் அரவியதுபோல் ஏற்ற இறக்கமாக இருந்தது. நாலாவது கூர்முனை. மர ஸ்க்ரூவுக்குக் கூர்முனை வைப்பது 1846-ல் தாமஸ் ஸ்லோன் காப்புரிமை வாங்கியபிறகுதான் அமெரிக்காவில் பரவியது. ஆகையால் அந்த ஒன்று பின்னால் மாற்றியது. ஒரு ஸ்க்ரூவை வைத்து ஒரு துப்பாக்கியின் வயதைச் சொல்லிவிட முடியாது, ஆனால் எல்லா ஓட்டையிலும் கூர்முனை ஸ்க்ரூ இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

செய்தவர் யார் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் பெயர் சொல்லவில்லை. மலைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரே கிடையாது. கார்டு வடிவத்தை மட்டும் பார்த்து ஒரு குடும்பப் பெயரை ஒட்டுவது நேர்மையான வேலை இல்லை. நாரிஸ் ஊரிலுள்ள அப்பலாச்சியா அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவற்றோடு என் வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். குறுகிய பிறை, கட்டையின் முதுகில் நீளமாக ஓடும் டேங் என்னும் இரும்பு நாக்கு, குண்டைச் சுற்றும் துணிக்குக் கொழுப்பு வைக்கும் மூடியில்லாத குழி என்று ஒரு ஜாடை தெரிந்தது. "மலைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி" என்று சீட்டெழுதிப் பெட்டிக்குள் போட்டேன். அதற்கு மேல் எழுதவில்லை.

அடுத்து முடிவெடுக்க வேண்டியது: இந்தப் பழைய பாகங்களையே என் கட்டையில் பொருத்துவதா? செய்யலாம்தான். ஆனால் பொருத்தும்போது அரம் படாமல் இருக்காது, வளைக்காமலும் இருக்க முடியாது. ஒருமுறை அரம் பட்டால் அந்த மஞ்சள் கோடும் சுத்தியல் தழும்பும் என் காலத்தோடு போய்விடும். அதனால் இவற்றை மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு நகல் செய்வது என்று தீர்மானித்தேன். இரும்பு எங்கே கிடைக்கும்? பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வேலியோரம் கிடந்த ஒரு பழைய குதிரை வண்டிச் சக்கரத்தின் பட்டையைக் கொடுத்தார். ஒரு துண்டை அறுத்து, பாதி வரை வெட்டி, வைஸில் வைத்து ஒடித்தேன். கரும்பு ஒடிந்ததுபோல நார்நாராகப் பிரிந்தது. நல்ல பழைய இரும்பு.

பட் பிளேட்டுக்குப் பின்தகட்டை மூன்று மில்லிமீட்டருக்கு அடித்து மெலியவைத்தேன். இந்த இரும்பை மஞ்சள் சூட்டில் அடிக்க வேண்டும். மங்கிய சிவப்பில் அடித்தால் நார் பிரிந்து விளிம்பு வெடிக்கும். ஒரு துண்டு அப்படித்தான் வீணாயிற்று. பிறை வளைவுக்கு ஓக் அடிமரத்தில் ஒரு பள்ளம் குடைந்து, அதில் வைத்துத் தட்டினேன். முதுகுத் தகடு தனியாக. அதன் முனையில் ஒரு சின்ன நாக்கு விட்டு, பின்தகட்டில் அதற்கு ஒரு துளை போட்டு, உள்ளே நுழைத்துத் தலையை மடக்கினேன். பிறகு வெண்காரம், பித்தளைத் துருவல், கரி நெருப்பு. இது முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

இனிதான் உண்மையான வேலை. பட் பிளேட்டை மரத்தில் உட்காரவைப்பதுபோல் பொறுமை கேட்கும் வேலை இந்தத் துப்பாக்கியில் வேறெதுவும் இல்லை. வளைந்த இரும்பு, வளைந்த மரம், அதிலும் மரத்தின் குறுக்கு நார் வெட்டுமுகம். இடையில் ஒரு தாள் நுழையக் கூடாது.

முதலில் பலகையில் பிறையின் கோட்டை வரைந்து, வாள்போட்டு, அரை வட்ட அரத்தால் கிட்டத்தட்டக் கொண்டுவந்தேன். டிரிகரிலிருந்து பிறையின் நடுப்பள்ளம் வரை பதின்மூன்றரை அங்குலம். பொருத்தும்போது மரம் குறையும் என்பதால் அதற்கு மேல் கால் அங்குலம் விட்டிருந்தேன். பிறகு மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தூக்கிவிட்டுத் தகட்டின் உள்பக்கத்தை அந்தச் சுடரில் காட்டினேன். ஒரு நிமிஷத்தில் வெல்வெட்டுபோலக் கரி படிந்தது. கட்டையில் வைத்து மரச் சுத்தியால் ஒரே தட்டு. எடுத்துப் பார்த்தால் குதியில் ஒரு கறுப்புப் புள்ளி, நுனியில் ஒரு புள்ளி. நடுவில் ஒன்றுமே இல்லை. கறுப்பு பட்ட இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுக்க வேண்டும். மறுபடி கரி, மறுபடி தட்டு. புள்ளி இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். சில சமயம் எட்டு மறுபடி இரண்டாகிவிடும். முப்பதாவது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு விஷயம் புரிந்தது. குதிக்குச் சற்றுக் கீழே இடப்பக்கம் மட்டும் ஓர் இடத்தில் கறுப்பே விழவில்லை. அந்த ஒரு பள்ளத்துக்காகச் சுற்றியுள்ள மரம் முழுவதையும் இறக்க வேண்டும் என்று உளியை எடுத்துவிட்டேன். எனக்கு உலை வேலை சொல்லித்தரும் பெரியவர் அப்போது உள்ளே வந்தார். எழுபத்தெட்டு வயது. கட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மரத்தை ஏன் வெட்டுறே? தகட்டை அங்க ஒரு தட்டுத் தட்டு" என்றார். அடைகல் கொம்பில் தகட்டைக் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் அந்த இடத்தில் ரெண்டே தட்டு. கரி காட்டி வைத்தேன். கறுப்பு முழுக்க விழுந்தது.

மலைத் துப்பாக்கியின் மவுண்டுக்கும் மற்றதற்கும் பொருத்துவதில் உள்ள வித்தியாசம் இதுதான். வார்த்த பித்தளைச் சட்டம் ஏற்கெனவே ஒரு வடிவத்தில் உறைந்துவிட்டது. அதிகம் வளைத்தால் வெடிக்கும். அதனால் மரத்தைத்தான் அதற்கு ஏற்ப வெட்ட வேண்டும். அடித்த இரும்பு அப்படியில்லை. மரம் கொஞ்சம் இறங்கும், இரும்பு கொஞ்சம் வளையும், இரண்டும் நடுவில் சந்திக்கும். பழைய துப்பாக்கிகளில் இரண்டு பட் பிளேட் ஒரே அச்சாக இல்லாததற்குக் காரணம் செய்தவரின் அலட்சியம் என்று சிலர் எழுதுகிறார்கள். அலட்சியம் இல்லை. அந்தந்தக் கட்டைக்கு அந்தந்தத் தகட்டைத் தட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் முதுகுத் தகட்டின் விளிம்பை உள்நோக்கிச் சற்றே சரிவாக அரவினேன். அதாவது மேலே அகலம், கீழே இம்மி குறைவு. இப்படிச் செய்தால் தகடு இறங்க இறங்கப் பக்கங்கள் மரத்தை நெருக்கிக்கொண்டு வரும், இடைவெளி தெரியாது. ஸ்க்ரூ துளைக்கு ஒரு தந்திரம் உண்டு. தகட்டிலுள்ள துளைக்கு நேர் நடுவில் மரத்தில் துளை போடாமல், அரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் போட வேண்டும். ஸ்க்ரூவின் தலை பள்ளத்தில் இறங்கும்போது தகட்டை முன்னோக்கி இழுத்து மரத்தோடு ஒட்டவைக்கும்.

கீழ் ஸ்க்ரூவில்தான் எனக்கு விபத்து நேர்ந்தது. துளையைச் சின்னதாகப் போட்டிருந்தேன், மெழுகும் தடவவில்லை. முக்கால் பாகம் இறங்கியதும் கை இறுக்கம் கூடியது. நான் நிறுத்தவில்லை. 'டிக்' என்று நுனிப்பக்க மரத்தில் ஒரு சீவல் நீளமாகப் பிரிந்தது. இரண்டு அங்குல நீளம், ஒரு மில்லிமீட்டர் கனம். மேலும் நகர்த்தாமல் அப்படியே விட்டு, ஸ்க்ரூவை மெதுவாக எடுத்து, பிளவுக்குள் மெல்லிய பிளேடால் தோல் பசையை விட்டு, சைக்கிள் டியூபை அறுத்த பட்டையால் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஒருநாள் கழித்து அவிழ்த்தேன். கோடு தெரியவில்லை, ஆனால் எனக்கு அந்த இடம் தெரியும். இப்போது ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முதலில் அதே அளவுள்ள ஒரு பழைய ஸ்க்ரூவைத் தேன்மெழுகு தடவி இறக்கி, மரை வெட்டிவிட்டுத்தான் நல்ல ஸ்க்ரூவைப் போடுகிறேன்.

இந்தப் பிளவே டோ பிளேட் எதற்கு என்பதையும் காட்டிவிட்டது. பிறை வளைந்து கீழே வரும் இடத்தில் மரம் கத்திமுனைபோல மெலிகிறது. துப்பாக்கியைத் தரையில் ஊன்றினால் முதலில் சிதறுவது அங்கேதான். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் நாலரை அங்குல நீளம் வெட்டி, முன்முனையைக் கூராக்கி, மூன்று சின்ன ஸ்க்ரூவில் அறைந்தேன். பட் பிளேட் உட்கார்ந்த பிறகுதான் இதைப் பொருத்த வேண்டும், முன்னால் செய்தால் இரண்டும் சேருமிடம் பொருந்தாது. அரை நாள் வேலை.

கார்டு மூன்று வாரம் இழுத்தது. வளையத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கனம், முக்கால் அங்குல அகலப் பட்டை. அடைகல் கொம்பில் வளைத்து, பழைய கார்டை அட்டையில் வரைந்த கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். இரட்டை டிரிகர் என்பதால் வளையம் நீளமாக வேண்டும். குளிரில் கையுறை போட்ட விரல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். பின்தண்டைத் தனியாக அடித்து, நுனியில் ஒரு சின்னச் சுருள் விட்டேன். ஒரு ரிவெட் போட்டு இரண்டையும் சேர்த்துப் பற்றவைக்க உலையில் வைத்தேன்.

முதல் கார்டு எரிந்து போயிற்று. பித்தளை உருகுவது ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸுக்கு மேல். தண்டு ஆறு மில்லிமீட்டர் கனம், வளையத்தின் கால் மூன்று மில்லிமீட்டர். கனமான பக்கம் சூடாகும் வரை துருத்தியை ஊதினேன், அதற்குள் மெல்லிய பக்கம் வெளுத்துப் பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தால் கால் பூச்சி அரித்த இலைபோல இருந்தது. அதில் ஒன்றும் மீட்க முடியவில்லை.

இரண்டாவது தடவை மெல்லிய பக்கம் முழுவதையும் களிமண்ணால் மூடினேன். சாணமும் மணலும் கலந்த மண், அரை விரல் கனம், அடுப்போரம் வைத்து நன்றாகக் காயவைத்தது. இணைப்பை மட்டும் திறந்து விட்டேன். வெண்காரம் முதலில் பொங்கி, பிறகு கண்ணாடிபோல உருகிப் பரவியது. பித்தளைத் துண்டு ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்து, திடீரென்று நீர்போல விரிந்து இணைப்புக்குள் போய் மறைந்தது. அந்தக் கணத்தில் ஊதுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஊதினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஆறியதும் மண்ணை உடைத்து அரம் போட்டேன். இரும்புக்கு நடுவில் மஞ்சள் கோடு, மயிரிழை அளவு.

கார்டைப் பதிக்கும்போது ஒன்றை அளந்துகொண்டே ஆக வேண்டும். கெட்டிக்கும் கோல் போகும் துளை கட்டைக்குள் எதுவரை வருகிறது? என்னுடையதில் அது கார்டின் முன்வாலுக்கு நேர் மேலே வந்து நின்றது. இடையில் இருந்த மரம் எட்டு மில்லிமீட்டர்தான். முன்வால் பதிய மூன்று போனால் மிச்சம் ஐந்து. அங்கே நீளமான ஸ்க்ரூவை இறக்கினால் முனை கோலின் துளைக்குள் எட்டிப்பார்க்கும், கோல் கடைசி வரை போகாது. அதனால் ஸ்க்ரூவை அரவிக் குட்டையாக்கி, முன்வாலின் நுனியிலிருந்து பின்னால் தள்ளி வைத்தேன்.

பதிப்பு வேலை பட் பிளேட் போலத்தான்: கரி, தட்டு, சீவல். வளையத்தின் பின்கால் உட்காரும் இடத்தில் மரம் மெலிதாக இருந்ததால் உளியை அதிகம் இறக்கவில்லை. பின்தண்டைச் சூடாக்கிக் கைப்பிடியின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டேன், அதன் கடைசி அரை அங்குலம் மட்டும் மரத்தில் பதிகிறது. பிடித்துப் பார்த்தால் நடு விரல் தானாகவே தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடத்தில் போய் உட்காருகிறது. பழைய கார்டில் சரியாக அந்த இடம்தான் தேய்ந்து மழமழப்பாக இருக்கிறது. யாரோ ஒருவருடைய நடு விரல் பல வருஷம் அங்கே இருந்திருக்கிறது.

திம்பிள்கள் எளிது. ஒரு மில்லிமீட்டர் தகட்டை எட்டில் மூன்று அங்குல டிரில்லின் தண்டில் சுற்றி, இரண்டு காதுகளையும் வைஸில் நெருக்கி, ஓரத்தைச் சிறிதாக அரவி, குழலுக்கு அடியில் ஊசியடித்துப் பொருத்தினேன். கோல் இடிக்காமல் வழுக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். கோல் கட்டைக்குள் நுழையுமிடத்துத் திம்பிளுக்கு வால் வைப்பதா என்று யோசித்தேன். பெட்டியிலிருந்த பழையது இரண்டிலும் வால் இல்லை. நானும் வைக்கவில்லை.

கட்டையின் வலப்பக்கம் கொழுப்புக் குழிக்குப் பித்தளை மூடி வைக்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். கிழக்கு டென்னசியில் நீண்டு வளைந்த, வாழைப்பழ வடிவ இரும்பு மூடிகள் உண்டு, அழகானவை. ஆனால் அந்தச் சுருட்டுப் பெட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. மாதிரியில் இல்லாததை நான் சேர்க்கவில்லை. ஓர் அங்குல விட்டத்தில், முக்கால் அங்குல ஆழத்தில் வெறும் குழி ஒன்று குடைந்தேன். குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவ ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து அதில் அடைத்திருக்கிறேன்.

நிறம் ஏற்றுவதை ஜூலைக்குத் தள்ளிவைத்தேன். இங்கே ஜூலைக் காற்றில் ஈரம் பிழிந்தால் சொட்டும், துரு தானாக வரும். இரும்பை எண்ணெய் போகக் கழுவி, விரல் படாமல் கையுறையோடு கரைசலைத் தடவி, ஒரு மரப்பெட்டியில் ஈரத் துணியோடு தொங்கவிட்டேன். மறுநாள் மெல்லிய செந்துரு. அதை மெல்லத் தேய்த்து எடுத்து, மறுபடி தடவல். ஆறு நாளில் பழுப்பு ஆழமாகி, பழைய வெல்லத்தின் நிறத்துக்கு வந்தது. சோடா நீரில் கழுவித் துருவை நிறுத்தி, சூடாக்கி, தேன்மெழுகு பூசினேன். பற்று வைத்த இடத்தில் பித்தளை துருப்பிடிக்காதல்லவா? பழுப்புக்கு நடுவில் அந்த மஞ்சள் கோடு மட்டும் தனியாகத் தெரிகிறது. கறுப்புப் பூசி மறைத்துவிடலாம் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்த பழைய கார்டை எடுத்து என் கையில் வைத்து, லென்ஸையும் கொடுத்தார். மறைக்கவில்லை.

இனி கட்டையின் முன்முனையை மூடும் மூக்குத் தொப்பி ஒன்று பாக்கி. இரும்புத் தகட்டில் செய்வதா, ஈயம் கலக்காத பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஊற்றுவதானால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் உருகிய உலோகம் தெறிக்கும். அதனால் கட்டையை ஹீட்டர் இருக்கும் அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். பழைய பாகங்களுக்கு எண்ணெய் தடவி, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று நூலில் கட்டி, அதே சுருட்டுப் பெட்டியில் திருப்பி வைத்தாயிற்று.